சுழலாத நட்சத்திரத்தின் எடை

துறையில் ஆராய்ச்சிக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவளிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த கதைதான். ஆனால் பயப்படாதீர்கள், சமன்பாடு எதையும் எழுதப்போவதில்லை. அவை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் மடிக்கணினியில் ஒரு நியூட்ரான் நட்சத்திரம் பிறந்து, பெருத்து, தன் எடையைத் தானே தாங்காமல் இடிந்து விழுவதற்குள் டீ கூட ஆறுவதில்லை. எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் கணக்கு தப்பு என்று தெரிந்துவிட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை எந்த மெஷினும் சொல்லாது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளில் நாங்கள் சென்னையில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்தோம். ஒரு கம்ப்யூட்டருக்கு ஊரே வரிசையில் நின்றது. துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டி ஜன்னலில் கொடுத்துவிட்டு வருவோம். விடை எப்போது வரும் என்பது ஏ.சி. மெஷினின் மனநிலையைப் பொறுத்தது. அறை சூடானால் கம்ப்யூட்டரை நிறுத்திவிடுவார்கள். மே மாதத்தில் பெரும்பாலும் அது நின்றுதான் கிடக்கும்.

எங்கள் வேலை நியூட்ரான் நட்சத்திரத்தின் உள்ளமைப்பைக் கணக்குப் போடுவது. சூரியனைவிட அதிக எடை, ஆனால் அளவு ரொம்பச் சின்னது. அதன் ஒரு ஓரத்தை எங்கள் ஊர் மரக்காணத்தில் வைத்தால் மறு ஓரம் இருபது கிலோமீட்டருக்குள், கூனிமேட்டுக்குப் பக்கத்தில் முடிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஈர்ப்பு விதி அதற்குப் போதாது, பொதுச் சார்பியல் வேண்டும். நட்சத்திரம் சும்மா நின்றால் சார்பியல் கணக்கைச் சுத்தமாகப் போட்டுவிடலாம். அந்த விடைகள் அச்சான அட்டவணைகளிலேயே கிடைத்தன. அது சுழல ஆரம்பித்தால்தான் வம்பு. எங்களுக்குக் கிடைத்த கம்ப்யூட்டர் நேரத்தில் அதைச் சுத்தமாகப் போட வழியே இல்லை. அதனால் தோராயத்தைப் பிடித்துக்கொண்டோம். பள்ளிக்கூட விதியை எடுத்து, சார்பியல் சொல்லும் முதல் திருத்தத்தை மட்டும் அதன்மேல் சேர்ப்போம். அடுத்தடுத்த திருத்தங்கள் சிறியவை என்று விட்டுவிடுவோம். சிறியவைதானா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நம்மில் பலர் ஒரு தரம் கேட்டுவிட்டு அப்புறம் மறந்துபோகிறோம்.

எங்கள் வழிகாட்டியை நாங்கள் சார் என்றுதான் சொல்வோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். 'கம்ப்யூட்டர் சொல்லுது சார்' என்று யாராவது ஆரம்பித்தால், 'அது சொல்லட்டும், நீ என்ன சொல்றே?' என்பார். அவர் வைத்திருந்த ஒரு வழக்கத்துக்கு எங்கள் கூட்டத்தில் எதிர்க்கணக்கு என்று பெயர். ஒருவர் எழுதிய அத்தியாயத்தை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். முழுதாகச் சரிபார்க்க முடியாவிட்டால், கையால் போடக்கூடிய ஒரு மூலையையாவது போட்டுப் பார்க்க வேண்டும். சமன்பாடும் அனுமானங்களும் மட்டும் கொடுக்கப்படும், விடை கொடுக்க மாட்டார்கள். விடை தெரிந்தால் கை தானாகவே அந்தப் பக்கம் போகும் என்பார் சார்.

அந்த வழக்கத்துக்கு இன்னொரு பாதியும் உண்டு. எனக்கு முன்னால் இருந்த ஒரு மாணவர், கூட இருந்தவரின் கணக்கில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தார். தங்கம் கிடைத்தவர் மாதிரி நேராகச் சார் அறைக்கு ஓடினார். சார் கேட்டார்: "அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல சார்."

"அப்போ எனக்குக் காது கேக்கல. போ."

தப்பு கண்டவர் முதலில் கணக்குப் போட்டவரிடம் சொல்ல வேண்டும். அதுவும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும், சீட்டு எழுதி மேஜையில் வைத்துவிட்டு நழுவக் கூடாது. சொல்லிவிட்ட பிறகு அந்தத் தப்பு அவருடைய சொத்து. அவர் சாரிடம் எடுத்துப் போவாரா, எப்போது போவார் என்பதில் நாம் தலையிடக் கூடாது. இதைக் கேட்டால் சுலபமாகத்தான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அன்வர் விஷயம் வரும் வரையில்.

அன்வர் என் வகுப்புத் தோழன். கோட்டக்குப்பத்துப் பையன். நான் மரக்காணத்துப் பெண். சென்னையில் இருந்த அத்தனை பேரில் எங்கள் இருவருக்கும்தான் ஒரே பஸ். அவனுடையது அப்பா இல்லாத வீடு. அம்மாவும், கல்யாணம் ஆக வேண்டிய இரண்டு தங்கைகளும். வளைகுடாவில் இருந்த மாமா அவனுக்கு ஒரு விசா அனுப்பி வைத்திருந்தார். ஏதோ ஒரு கம்பெனியின் ஸ்டோரில் கணக்கு எழுதும் வேலை. தெருவில் பாதி ஆண்கள் போய்விட்டார்கள், இவன் மட்டும் நட்சத்திரம் நட்சத்திரம் என்று உட்கார்ந்திருக்கிறான் என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். அன்வர் அம்மாவிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். ஆய்வேட்டைக் கொடுத்த கையோடு பாண்டிச்சேரியில் ஒரு கல்லூரியில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், விசா வேண்டாம் என்று. அந்த வாக்கு முழுக்க ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தின் மேல் நின்றது. வேகமாகச் சுழலும் நியூட்ரான் நட்சத்திரம், சும்மா நிற்பதைவிட மிக அதிக எடையைத் தாங்கும் என்பது அதன் முடிவு. கேட்டவர்களெல்லாம் புருவத்தைத் தூக்கினார்கள். அவ்வளவு பெரிய வித்தியாசம்.

அந்த அத்தியாயத்தின் எதிர்க்கணக்கு எனக்கு வந்தது. மே மாதம், வழக்கம்போல ஏ.சி. படுத்துவிட்டது. கையால் சுற்றும் கணக்கு மெஷினைத் துறையில் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். தையல் மெஷினின் தலை அளவுக்குக் கனக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். லக்கேஜ் போடுவதா வேண்டாமா என்று கண்டக்டர் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

என் அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. மே மாதம் உப்பு வாருகிற உச்சக் காலம். வீட்டில் ஒருவரும் நட்சத்திரத்தைப் பற்றி யோசிக்க நேரமில்லாமல் திரிந்தார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏண்டி, எப்பப் பாத்தாலும் கடகடன்னு சுத்தறியே, அதுல மாவாவது வருமா?" என்று அம்மா கேட்டார்.

"நட்சத்திரம் வரும்மா."

"மாவு வந்தா இட்லியாவது ஊத்தலாம்."

சுழலும் நட்சத்திரத்தைக் கை மெஷினில் போட முடியாது. ஆனால் அன்வரின் சமன்பாடுகளிலேயே சுழற்சியைப் பூஜ்யமாக்கிவிட்டால் சும்மா நிற்கும் நட்சத்திரம் வரும். அதைப் போடலாம். நான் எடுத்துக்கொண்ட மூலை அதுதான். முதலில் லேசான நட்சத்திரம் ஒன்றைப் போட்டேன். அச்சான அட்டவணையில் இருந்த சுத்தமான சார்பியல் விடையோடு அழகாகப் பொருந்தியது. அப்புறம் கனமான நட்சத்திரத்துக்குப் போனேன். அங்கே என் விடை அட்டவணையைவிட எங்கேயோ மேலே போய் நின்றது. கைப்பிடியை எங்கோ தப்பாகச் சுற்றிவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன். மையத்திலிருந்து ஓரம் வரை நகரும் படியைச் சின்னதாக்கிப் போட்டேன். மறுபடியும் அதே இடம்.

மெஷினை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். உப்புப் பாத்திகளில் வெயில் கண்ணைக் கூசச் செய்தது. கொஞ்ச நேரத்தில் விளங்கியது.

கனமான நட்சத்திரத்தில் நாங்கள் சேர்த்த அந்த 'சின்ன' திருத்தம் சின்னதாகவே இல்லை. அது அசலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அப்படியானால் நாங்கள் விட்டுவிட்ட மற்ற திருத்தங்களும் பெரியவைதான். அவற்றை விட்டதால் ஈர்ப்பு உண்மையில் இருப்பதைவிடக் குறைவாக வந்துவிட்டது. இழுக்கிற கை தளர்ந்தால் எந்த நட்சத்திரமும் கூடுதல் எடை தாங்கத்தான் செய்யும், சுழன்றாலும் சரி, சும்மா நின்றாலும் சரி. அன்வர் என்ன செய்திருந்தான்? சுழலும் நட்சத்திரத்தின் எடையைத் தோராயத்தில் கண்டுபிடித்தான். சும்மா நிற்பதன் எடையைச் சுத்தமான சார்பியல் அட்டவணையிலிருந்து எடுத்தான். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, வித்தியாசம் முழுக்கச் சுழற்சியால் வந்தது என்று எழுதிவிட்டான். ஒரே மூட்டை உப்பை மரக்காணத்துத் தராசில் ஒரு தரமும் திண்டிவனத்துத் தராசில் ஒரு தரமும் நிறுத்துவிட்டு, வழியில் மூட்டை பெருத்துவிட்டது என்று சொன்ன மாதிரி.

இது சோம்பேறி செய்கிற தப்பு இல்லை, கவனியுங்கள். சோம்பேறியாக இருந்தால் இரண்டையும் ஒரே தோராயத்தில் போட்டுத் தள்ளியிருப்பான், தப்பும் தப்பும் பெரும்பாலும் கழிந்து போயிருக்கும். இன்னும் நல்ல எண் கையில் இருக்கும்போது அதைப் போடுவதுதான் நேர்மை என்று நினைத்தான் அவன். நம் தொழிலில் இருப்பவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும், அதிலும் நல்லவர்கள்தான் செய்வார்கள்.

வருகிற திங்கட்கிழமை அவன் ஆய்வேட்டைக் கொடுப்பதாக இருந்தது. எனக்கு முன்னால் பல வழிகள் இருந்தன. சாருக்குத் தந்தி அடிக்கலாம், அது வழக்கத்துக்கு விரோதம். சும்மா இருந்துவிடலாம். ஆய்வேட்டைப் படிக்கப்போகிற வெளிநாட்டுப் பேராசிரியர்கள் இதைக் கவனிக்காமலே போகலாம். சாரே இரண்டு தரம் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்வருக்கு வேலை கிடைக்கும், தங்கைகளுக்குக் கல்யாணம் ஆகும், நட்சத்திரம் ஒன்றும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. இப்படியெல்லாம் எனக்கும் தோன்றியது. தோன்றவில்லை என்று சொல்கிற அளவுக்கு நான் மகாத்மா இல்லை. ஆனால் காலையில் எழுந்ததும் பஸ்ஸுக்குத்தான் போனேன். போகாமல் இருந்தால் இனிமேல் அவன் முகத்தைப் பார்த்து எப்படிப் பேசுவது என்ற பயம்தான் காரணம். வேறு பெரிய தர்மமெல்லாம் இல்லை.

கோட்டக்குப்பத்தில் அவன் அம்மா வாசலுக்கே வந்து என்னைக் கூட்டிப்போனார். "மெட்ராஸ்ல கூடப் படிக்கிற பொண்ணுதானே? வாம்மா, இந்த வெயில்ல வந்திருக்கியே" என்று சர்பத் கலக்கிக் கொடுத்தார். கூடத்தில் பாய் விரித்து அன்வர் உட்கார்ந்திருந்தான். டைப் அடித்த தாள்கள் அவனைச் சுற்றி அடுக்கடுக்காக இருந்தன. அந்தக் காலத்து டைப்ரைட்டரில் கிரேக்க எழுத்துகள் கிடையாது. காலி இடம் விட்டு அடித்து, அப்புறம் ஒவ்வொரு பிரதியிலும் கறுப்பு மையால் கையாலேயே எழுத வேண்டும். அதைத்தான் செய்துகொண்டிருந்தான். சென்னையில் என்னை வா, போ என்பவன், அம்மாவுக்கு முன்னால் "வாங்க தனம், உக்காருங்க" என்றான்.

"என் புள்ளையோட புத்தகம்மா. பாத்தியா, எவ்ளோ தடியா இருக்குது" என்றார் அம்மா. அவர் உள்ளே போகும் வரையில் நான் சர்பத்தைக் குடித்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் கேட்டேன். "நாலாவது சாப்டர்ல, சும்மா நிக்கிற நட்சத்திரத்தோட எடையை எங்கேருந்து எடுத்தே?"

"எக்ஸாக்ட் தியரி டேபிள்லேருந்து. ஏன்? அதுதானே சரியான நம்பர்."

"சுத்துறதை?"

"அது நம்ம தோராயத்துல…"

அங்கேயே நின்றுவிட்டான். நான் வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புத்திசாலியிடம் தப்பைச் சொல்வதில் இருக்கிற வேதனையே இதுதான். விளக்குவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தால் அந்த நேரத்தில் நாமும் மூச்சு விட்டுக்கொள்ளலாம். அன்வர் அதற்குக்கூட இடம் கொடுக்கவில்லை. பேனாவை மூடி வைத்தான்.

"நீ போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன். மூணு தரம்."

"ஒரு வாரம் கழிச்சு சொல்லியிருந்தா என்ன கெட்டுப் போயிருக்கும் தனம்?"

"ஒரு வாரம் கழிச்சு சொன்னா உன்னை ஏமாத்தின மாதிரி ஆயிருக்கும். இப்ப இது வெறும் கணக்குல இருக்கற தப்பு."

அவனுக்குக் கோபம் வந்தது. குரலை உயர்த்தாமல்தான் சொன்னான், அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று. "உனக்கென்ன. உங்கப்பா வெயில்ல நின்னு உப்பு வாரி உன்னைப் படிக்க வைக்கறாரு. எங்க வீட்ல வார்றதுக்கு யார் இருக்கா?"

சர்பத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். "நான் உன்கிட்ட சொல்லிட்டேன். சார்கிட்ட சொல்ல மாட்டேன். இனிமே அது உன்னோடது." திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த மீன்காரம்மா, "மாமியார் வீட்டுக்கா கண்ணு போறே?" என்று கேட்டுவிட்டு, கூடையை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

மறுநாள் காலையில் உப்பளத்து வரப்பில் அன்வர் நடந்து வந்துகொண்டிருந்தான். அப்பாதான் முதலில் பார்த்தார். "தனம், உன்னோட படிக்கிற பையன் மாதிரி இருக்குதே." அவன் அப்பாவுக்கு சலாம் வைத்துவிட்டு, என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "மெஷின் எங்க?"

உப்பு மூட்டை வைக்கும் கொட்டகையில் உட்கார்ந்தோம். ஆளும் பேருமாக அங்கே வேலை நடந்துகொண்டிருந்ததால் ஊர்வாயைப் பற்றி அம்மாவுக்கும் கவலை இல்லை. செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. அவன் அத்தியாயத்தில் இருந்த ஒவ்வொரு சுழலும் நட்சத்திரத்துக்கும், அதே தோராயத்தில், அதே மைய அடர்த்தியில், சும்மா நிற்கும் ஜோடி ஒன்றைப் போட வேண்டும். அப்புறம் கழித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் எண்ணைச் சொல்ல, மற்றவர் சுற்றினோம். கை வலித்தால் மாற்றிக்கொண்டோம். கடற்காற்றில் தாள்கள் பறந்தபோது அப்பா கல்லுப்புக் கட்டிகளை எடுத்து ஒவ்வொன்றின் மேலும் வைத்துவிட்டுப் போனார். மதியம் அம்மா மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்தார்.

"ஏம்பா, நீயும் இவளை மாதிரியே சுத்தறியே. உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையே கெடைக்கலயா?"

"கெடைச்சுதும்மா. அதான் இப்ப போகப்போவுது" என்றான் அன்வர். அவன் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு மீன் கேட்டு வாங்கிக்கொண்டான்.

விடை வந்தது. சுழற்சியால் நட்சத்திரம் கூடுதல் எடை தாங்குவது உண்மைதான். ஆனால் கொஞ்சம்தான். அவன் எழுதியிருந்த அந்தப் பெரிய வித்தியாசத்தில் பெரும்பகுதி தோராயம் செய்த வேலை. அன்வர் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தான். "இத்தனை வருஷமா மலையைத் தோண்டினேன். எலிதான்" என்றான். அப்புறம், "ஆனா உயிரோட இருக்கற எலி" என்று அவனே சேர்த்துக்கொண்டான். பஸ் ஏறும்போது திங்கட்கிழமை என்ன செய்யப்போகிறான் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை சார் அறையில் நான் வேறு ஏதோ வேலையாக நிற்பதுபோல் நின்றேன். அன்வர் தடியான கட்டோடு வந்தான். அதை மேஜையில் வைத்தான். என் கண்ணெல்லாம் அதன் மேல்தான். எல்லாப் பிரதியிலும் கிரேக்க எழுத்துகள் எழுதி முடித்துக் கட்டியிருந்தான்.

"முடிச்சிட்டியா? சபாஷ்" என்றார் சார்.

"நாலாவது சாப்டர் தப்பு சார்" என்றான். கொட்டகையில் போட்ட கணக்கை எடுத்து அதன் மேல் வைத்தான்.

சார் உட்கார்ந்து முழுதாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, மறுபடி படித்தார். அப்புறம் முதல் பக்கத்தைப் புரட்டினார். "இதுல என் கையெழுத்து இருக்குதே. ரெண்டு தரம் படிச்சிருக்கேன். அப்போ ரெண்டு தரம் நானும் தப்பு பண்ணியிருக்கேன்" என்று சொல்லிப் பேனாவை எடுத்துத் தன் கையெழுத்தை ஒவ்வொரு பிரதியிலும் அடித்தார். ஒரு மாணவன் தப்பு செய்தால் வழிகாட்டி எங்கே நிற்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பின்னால் எனக்கும் மாணவர்கள் வந்தபோது அந்த இடத்தில் நிற்க முயன்றிருக்கிறேன். எப்போதும் முடிந்தது என்று சொல்ல மாட்டேன்.

கல்லூரி காத்திருக்கவில்லை. சார் எழுதிப் பார்த்தார், நேரிலும் போனார். இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஜூனில் வகுப்பு தொடங்க வேண்டும். பிறகு சார் ஒரு காரியம் செய்தார். என்னையும் கூட்டிக்கொண்டு கோட்டக்குப்பத்துக்குப் போனார். அன்வரின் அம்மாவுக்கு எதிரில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "உங்க பையன் மேல தப்பு இல்லம்மா. நான் கவனிக்காம விட்டுட்டேன். எனக்குக் கொஞ்ச நாள் டைம் குடுங்க, அவனை நல்லபடியா முடிக்க வைக்கறேன்" என்றார்.

அந்த அம்மா முழுதும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார். "நீங்க பெரியவங்க, வீடு தேடி வந்திருக்கீங்க. ஆனா விசாவுக்குத் தேதி இருக்குதுங்க. பொண்ணுங்களுக்கு வயசு போவுது. நட்சத்திரம் எங்க போயிடப் போவுது, அது அங்கயேதானே இருக்கும்?"

திரும்பும்போது பஸ் திண்டிவனத்தில் நின்றதும் சார் எனக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம், "அந்தம்மா சொன்னதை நானும் எல்லாப் பக்கமும் போட்டுப் பாத்துட்டேன். ஒரு தப்பும் கிடைக்கல" என்றார்.

அன்வர் போனான். நான் படிப்பை முடித்து, அதே துறையில் சின்ன வேலையில் சேர்ந்தேன். அவனுக்கு நியாயம் பேசிய நான் இங்கே மின்விசிறிக்குக் கீழே இருக்கிறேன், அவன் அங்கே யாருடைய ஸ்டோரிலோ சாமான் எண்ணிக்கொண்டிருக்கிறான் என்பது எனக்கு உறுத்தியது. ஆனால் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகளே. செய்தது சரி என்பதற்காக வலிக்காமல் போய்விடாது. வலிக்கிறது என்பதற்காகச் செய்தது தப்பாகிவிடாது.

மூத்த தங்கையின் கல்யாணத்துக்கு லீவில் வந்தான். ஆள் கறுத்திருந்தான், கையில் தங்க நிறக் கடிகாரம், செண்ட் வாசனை. பையிலிருந்து டேப்ரெக்கார்டர் எடுப்பான் என்று எல்லோரும் பார்த்தால், கட்டளைகளைப் போட்டு வைத்தால் தானே திரும்பத் திரும்பக் கணக்குப் போடும் சின்ன எலக்ட்ரானிக் கால்குலேட்டர் ஒன்றை எடுத்தான். "முதல் சம்பளத்துல அம்மாவுக்கு வளையல். ரெண்டாவதுல இது" என்றான். வேலை முடிந்து வந்து அறையில் உட்கார்ந்து நான்காம் அத்தியாயத்தை முழுக்க மாற்றி எழுதியிருந்தான். வேகமாகச் சுழலும் நட்சத்திரங்களை விட்டுவிட்டு, மெதுவாகச் சுழல்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டான். சுழலும் ஜோடியும் நிற்கும் ஜோடியும் இந்தத் தடவை ஒரே தராசில். அதைவிட முக்கியமாக, எந்தக் கனத்துக்கு மேல் இந்தத் தோராயத்தை நம்பக் கூடாது என்று தானே ஒரு கோடு போட்டிருந்தான். அந்தக் கோடுதான் பின்னால் பலருக்குப் பயன்பட்டது. முதல் தடவை எல்லோரும் புருவத்தைத் தூக்கிய அந்தப் பெரிய முடிவைவிட அது அடக்கமானது, அதனால்தான் உறுதியாக நின்றது.

சார் கையில் ஓர் ஆராய்ச்சி வேலை இருந்தது. அத்தியாயம் நின்றால் அன்வருக்கு. நிற்காவிட்டால் லீவு முடிந்து அவன் மறுபடி கடல் தாண்ட வேண்டும். "எதிர்க்கணக்கு தனம்தான் போடணும்" என்று அன்வரே கேட்டான்.

கம்ப்யூட்டர் நேரம் இருந்தும் பழைய கை மெஷினையும் எடுத்துக்கொண்டேன். இரண்டு வழியிலும் போட்டேன். தப்பு கிடைத்துவிடுமோ என்று பயந்துகொண்டே தப்பைத் தேடினேன். நெஞ்சாரத் தேடினேன், ஏனென்றால் அரைமனதாகத் தேடுவதுதான் அவனுக்குச் செய்யக்கூடிய பெரிய துரோகம். நட்சத்திரம் நட்சத்திரமாகப் பொருந்திக்கொண்டே வந்தது. கடைசியாக அவன் போட்ட கோட்டையும் தாண்டிக் கொஞ்சம் போய்ப் பார்த்தேன். அவன் சொன்ன இடத்தில்தான் தோராயம் கெட்டது.

நல்ல சேதிக்கு ஒரு கார்டு போட்டால் போதும் என்பதுதான் எங்கள் பழக்கம். தப்பை மட்டும்தான் நேரில் போய்ச் சொல்வோம். அன்றைக்கு எனக்குக் கார்டு எழுத மனம் வரவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

கதவைத் திறந்தது அன்வரின் அம்மா. என்னைப் பார்த்ததும் அவர் கை கதவிலேயே நின்றுவிட்டது. முன்னால் நான் இப்படித் தனியாக வந்து சர்பத் குடித்துவிட்டுப் போன பிறகுதான் அவர் பிள்ளை வேலையை இழந்து ஊரை விட்டுப் போனான்.

"இப்ப என்னம்மா தப்பு கண்டுபிடிச்சே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் சரியா இருக்குது."

"சரியா இருக்குதுன்னு சொல்லவா இவ்ளோ தூரம் பஸ்ல வந்தே?"

"ஆமாம்மா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், நம்பலாமா என்பதுபோல. அவர் கண் நிறைந்துவிட்டது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, கதவை விரியத் திறந்துவிட்டு உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்.

"டேய் அன்வரு, எழுந்து வாடா. அந்தப் பொண்ணு வந்திருக்குது. இந்தத் தடவை நீ எங்கயும் போவ வேணாம்."